பதினோரு டிவி உள்ள வீடு

1997 ஜூலை இரண்டாவது வாரம், ஷேக் தாவூதுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தொழில் சூடு பிடித்தது.

சதுரங்கப்பட்டினம் கிடங்குத் தெருவில் பன்னிரண்டு வருஷமாக டிவி, ரேடியோ, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறவர். கடை என்று தனியாகக் கிடையாது. கீற்றுக் கூரை போட்ட ஒரே அறை. வாசல் பக்கத்துப் பாதி தொழிலுக்கு. அடுப்புப் பக்கத்துப் பாதி மனைவி பதருன்னிசாவுக்கும் மகள் மலீஹாவுக்கும். மாதத்துக்கு மூன்று டிவி வந்தால் அது நல்ல மாதம். அந்த வாரம் ஒரே நாளில் பதினோரு டிவி, பதினாறு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்தன. ஃப்ரிட்ஜை நாலு பேர் தூக்கி வந்து மலீஹா படுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அப்பாசாமி. இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், அந்தத் தெருவின் வார்டு மெம்பர். இருபத்தோரு இஞ்ச் கலர் டிவியைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு வந்தார்.

"இன்னா அண்ணாத்த, நேத்துகூட நல்லா ஓடிக்கினு இருந்திச்சே? சவுண்டு எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சே?"

"அதான் பாய் பேஜாரு. சவுண்டு ஜாஸ்தி. மெதுவாப் பாரு. அவசரமே இல்ல, ஒரு வாரம் வெச்சிக்கினே பாரு."

அவசரமே இல்லை என்று சொல்கிற வாடிக்கையாளரை தாவூத் அன்றுவரை கண்டதில்லை. நெகிழ்ந்துபோனார். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் அட்டை கட்டினார். சிகரெட் அட்டையை வெட்டி, நூல் கோத்து, ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தொங்கவிடுவார்: யாருடையது, என்ன பழுது, வந்த தேதி. திரும்ப வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். ஒருமுறை ஒருத்தர் டிவியை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் அடி வாங்கினார். அதிலிருந்து வந்த ஒழுங்கு அது.

திறந்து பார்த்தால் நாலு டிவியில் பழுதே இல்லை. மற்ற ஏழும் பழுது பார்க்கிற கட்டத்தைத் தாண்டியவை. ஒன்றில் பல்லி குடும்பத்தோடு குடியிருந்தது. நாலு டிவி தொட்டவுடன் ஓடியதைத் தன் கைராசி என்றே தாவூத் எடுத்துக்கொண்டார்.

பதினைந்தாம் தேதி காலையில் வெங்கடராகவன் சார் வந்தார். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து பாடம் நடத்துகிற ஆசிரியர். கக்கத்தில் ஒரு கட்டுப் படிவம். வறுமைக் கோட்டுக்குக் கீழே யார் யார் என்று கணக்கெடுக்கும் வேலையை அரசாங்கம் வாத்தியார்கள் தலையில் கட்டியிருந்தது. படிவம் ரொம்ப எளிமை. டிவி இருந்தால் ஏழை இல்லை. ஃபேன் இருந்தால் ஏழை இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு டிக் விழுந்தால் போதும், அந்தக் குடும்பம் கோட்டுக்கு மேலே ஏறிவிடும். தெருவில் இது தெரியாத ஒரே ஆள் தாவூத்.

"தொழில் எப்படிப் போறது பாய்?"

"பிச்சிக்கினு போவுது சார்! பாருங்க, கால் வெக்க எடமில்ல!"

வாத்தியார் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். விரல் போதாமல் மறுபடி ஆரம்பித்தார்.

"இதெல்லாம் உங்களுதா?"

"இன்னா சார், தமாஷ் பண்றீங்க. எல்லாம் ரிப்பேருக்கு வந்தது."

வாத்தியார் சோகமாகச் சிரித்தார். இரண்டு வாரமாக ஊர் ஊராக இதையேதான் கேட்டு வருகிறார். டிவி மச்சானுடையது, ஃபேன் சம்பந்தி வீட்டுடையது, வாசலில் நிற்கிற ஸ்கூட்டர் யாருடையதென்றே தெரியாது. 'சொல்வதை எழுதாதே, இருப்பதை எழுது' என்று மேலிடத்து உத்தரவு. கிடங்குத் தெருவில் மற்ற வீடுகளில் எதுவுமே இல்லை. உத்தரத்தில் ஃபேன் மாட்டும் கொக்கிதான் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வீட்டில் எல்லாமே இருந்தது. எழுதினார். படிவத்தில் 'யாருடையது' என்று ஒரு கட்டம் கிடையாது.

இரண்டு நாள் கழித்துத் தெருவே திரண்டு வந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனது. "ரிப்பேர் வேணாம் பாய், சரியாப் பூடுச்சி" என்றார் அப்பாசாமி. தன் வீட்டில் இருந்தபடியே அவருடைய டிவி எப்படிச் சரியாகப் போனது என்று கேட்க தாவூதுக்குத் தோன்றவில்லை. அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் சென்று வழியனுப்பி வைத்தார்.

ஆகஸ்டில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். கிடங்குத் தெருவில் மொத்தம் அறுபத்து நாலு குடும்பம். அறுபத்து மூன்று வறுமைக் கோட்டுக்குக் கீழே. மேலே ஒன்று.

தாவூத் அதை மூன்று தடவை படித்தார். தன் பெயரில் இன்னொரு தாவூத் தெருவில் இருக்கிறானா என்றுகூட யோசித்தார்.

பழைய பட்டியலில், தொண்ணூற்றிரண்டில் எடுத்ததில், அவர் இருந்தார். பட்டியலில் இருந்தால்தான் தொகுப்பு வீடு. கீற்றைப் பிரித்துவிட்டு அரசாங்கமே கான்கிரீட் போட்டுத் தரும். ஐந்து வருஷமாக வரிசையில் நின்று, அடுத்தது அவர் முறை என்று வந்திருந்த நேரம். இப்போது வரிசையிலேயே இல்லை.

விஷயத்தை உடைத்துச் சொன்னவள் மீன் விற்கிற கண்ணகி. புருஷன் போனவள், பல்லி டிவியின் சொந்தக்காரி. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"மெம்பர்தாண்ணா சொன்னாரு. கணக்கு எடுக்க வர்றாங்க, எல்லாத்தையும் பாய் வூட்ல குட்த்து வெச்சிருங்கன்னு. உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதாம். உனக்கு வாய் நிக்காதாமே."

தாவூதுக்கு வாய் நின்றது. பிறகு திறந்தபோது வெளியே வந்தது, "அவன வுட மாட்டேன்" என்பதுதான்.

கணக்கைத் திருத்த வழி உண்டு என்றார்கள் ஒன்றிய அலுவலகத்தில். டிவிக்குச் சொந்தக்காரர் யாராவது வந்து, 'இது என்னுடையது' என்று கையெழுத்துப் போட வேண்டும். தாவூத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். காபி கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டா நான் பணக்காரன் ஆயிடுவனே பாய்?" என்றார் அப்பாசாமி. "உனக்கே அது சம்மதமா, சொல்லு? எம் புள்ளைக்கு ஒரு வூடு வாணாமா?"

"உனக்குத்தான் ஓட்டு வூடு கீதே அண்ணாத்த."

"அது எனக்கு. அவனுக்கு?" என்றவர், தோளைத் தட்டி, "வுடு சேட்டு, உங்கிட்ட இல்லாத டிவி டப்பாவா" என்றார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொட்டிக்கடையில் பீடி வாங்கப் போனால், "சேட்டுக்கு ஒரு கட்டுப் பீடி" என்று குரல் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் வசூல் வந்தபோது அவர் முன்னால் கூடுதல் நேரம் நின்றார்கள்.

தாவூத் பழிவாங்கத் தொடங்கினார். அவர் கையில் இருந்த ஆயுதமெல்லாம் ஒரு டெஸ்டரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான். அப்பாசாமி வீட்டு டிவி மெய்யாகவே மக்கர் பண்ணியபோது நன்றாக ரிப்பேர் செய்தார்; கூடவே எல்லா முகமும் பச்சையாகத் தெரியும்படி ஒரு திருகு திருகினார். அப்பாசாமியின் மனைவிக்கு அது பிடித்துப்போனது, சாமி படத்தில் எல்லாரும் பெருமாள் மாதிரியே இருக்கிறார்கள் என்றாள். ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார். தூர்தர்ஷனோடு சேர்த்து இலங்கை ரூபவாஹினியும் கிடைக்கிறதென்று அப்பாசாமி நன்றி சொல்லி அரைக் கிலோ வஞ்சிரம் அனுப்பினார். தாவூத் அதைத் தொடவில்லை. பதருன்னிசாதான் குழம்பு வைத்தாள். தாவூத் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார்.

நவம்பரில் மழை பிடித்தது. இருந்த ஒரே பிளாஸ்டிக் ஷீட்டை ரிப்பேருக்கு வந்த டிவிகள் மேல் போர்த்த வேண்டியிருந்தது. நனைந்தால் யார் பதில் சொல்வது? குடும்பம் மூலையில் குடையின் கீழே உட்கார்ந்தது. மலீஹாவின் கணக்கு நோட்டு ஊறிப்போய் மை ஓடி ஒரே நீலம். வகுப்பில் அடி வாங்கி வந்தாள். அன்றைக்கு பதருன்னிசா சத்தம் போடவில்லை. அடுப்பில் விழுந்த சொட்டைக் கையால் ஏந்திக்கொண்டு கேட்டாள்:

"நாலு மாசமா அவன் மூஞ்சிய பச்சையாக்கிக்கினு கீறீங்களே, நம்ம கூரைல ஒரு கீத்து மாறிச்சா?"

தாவூதிடம் அட்டைகள் மட்டும் இருந்தன. பதினோரு டிவி அட்டையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. கோபத்தை எங்காவது பத்திரப்படுத்த வேண்டுமில்லையா?

டிசம்பரில் ஹம்சினி என்று ஒரு பெண் ஜீப்பில் வந்து இறங்கினாள். சென்னையில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறவள்.

"சார், பழைய லிஸ்ட்ல நீங்க ஏழை. புது லிஸ்ட்ல பதினோரு டிவி. அஞ்சே வருஷம்! இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு முன்னேற்றம் கிடையாது. மாமல்லபுரத்துல ஒரு மாநாடு நடக்குது, உலகத்துல வறுமை குறையுதா இல்லையான்னு. எங்க டாக்டர் ராமானுஜம் உங்களை மேடையில பேச வைக்கணும்னு சொல்றார். எப்படி வறுமையிலேர்ந்து வெளியே வந்தீங்கன்னு."

தாவூத் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை, ஆயுளில் முதல் முறையாக, மூடினார்.

"மேடையில மைக்கு இருக்குமாம்மா?"

"இருக்கும் சார்."

"ஊர்லேர்ந்து வேற யாருனா வர்றாங்களா?"

"உங்க வார்டு மெம்பரையும் கூப்பிட்டிருக்கோம். கிராமத்தோட பிரதிநிதியா."

"வர்றேன்" என்றார் தாவூத்.

ஜனவரியில் வேன் வந்தது. அப்பாசாமி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் இருந்தார். வேன் ஊர் எல்லையைத் தாண்டட்டும் என்று இருந்தார். பிறகு திரும்பினார்.

"மேடையில இன்னா பேசப் போற?"

"உள்ளதத்தான்."

"உள்ளதுன்னா?"

தாவூத் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அட்டைகள் சலசலத்தன. மாமல்லபுரம் வரும்வரை அப்பாசாமி முன்னால் பார்த்தபடியே வந்தார். பிடரியில் மட்டும் வியர்த்தது.

கடலைப் பார்த்த பெரிய ஓட்டல். உள்ளே ஸ்வெட்டர் வேண்டுகிற அளவுக்குக் குளிர். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர் கிடைத்தால் அவர் ஏழை இல்லை என்று திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். டாலரை தாவூத் ஒரே ஒருமுறை, கடற்கரைக் கோயில் பக்கம் சங்கு மாலை விற்கிறவனின் கையில் பார்த்திருக்கிறார். அதைக் கொண்டு தன்னை அளக்கிறார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது.

ராமானுஜம் குட்டையாக, மலர்ந்த முகமாக இருந்தார். உலகத்தில் வறுமை குறைகிறது என்பது அவர் கட்சி. அவருக்கு எதிர்க்கட்சி பேராசிரியர் தேவசகாயம். நெட்டையாக, எதையோ தொலைத்தவர்போல இருந்தார். குறையவே இல்லை, குறைகிற மாதிரி எண்ணுகிறீர்கள் என்பது அவர் வாதம். பத்து வருஷமாக எந்த ஊரில் மாநாடு நடந்தாலும் இதே சண்டையாம். ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து பெர்த்தில்தான் வந்து போவார்களாம்.

தாவூத் மேடை ஏறினார். ஹம்சினி பக்கத்தில் நின்று இங்கிலீஷில் மொழிபெயர்க்கத் தயாரானாள். மூன்றாவது வரிசையில் அப்பாசாமி. தாவூத் ஐந்து மாதமாக மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தார்.

"எங்கிட்ட பதினோரு டிவி கீதுன்னு எழுதிக்கிறாங்க. ஒண்ணுகூட என்னுது இல்ல. மொதல் டிவி, கிடங்குத் தெரு அப்பாசாமியுது. வார்டு மெம்பர். இருபத்தோரு இஞ்ச் கலர். பழுது ஒண்ணுமில்ல. ஜூலை பதினாலு கொண்டாந்து வெச்சாரு, கணக்கு பதினஞ்சு, பதினேழு தூக்கினு போனாரு. இதோ அவர் கையெழுத்து!"

அட்டையை உயர்த்திப் பிடித்தார். ஹம்சினி மொழிபெயர்த்தாள். சபையில் லேசாகச் சிரிப்பு. யாரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாவூதுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அப்பாசாமி என்ற பெயர் எந்த மொழியிலும் அப்பாசாமிதானே?

"பேர வுட்டுட்டியேம்மா?" என்று கிசுகிசுத்தார்.

"பேர் சொல்லக்கூடாது சார். 'ஒரு குடும்பம்'னு சொன்னேன். ஆராய்ச்சியில ரகசியம் காக்கணும், அது விதி."

"ரகசியமா? நான் வந்ததே அத்த ஒடைக்கத்தானேம்மா!"

அதற்குள் தேவசகாயம் எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் பதினொன்றில் ஓடுகிற டிவி எத்தனை?" என்று தமிழிலேயே கேட்டார்.

"நாலு சார். மிச்சம் ஏழு செத்தது. ஒண்ணுல பல்லி கீது."

"செத்த டிவியை எதற்கு ஒளித்து வைத்தார்கள்?"

"டிவின்னு பேரு இருக்குதே சார். பல்லிக்குன்னு படிவத்துல கட்டம் இல்லியே."

"கேட்டீர்களா!" என்றார் தேவசகாயம். "செத்த டிவியை எல்லாம் முன்னேற்றம் என்று எண்ணியிருக்கிறீர்கள்!"

"அப்படியென்றால் ஓடுகிற நாலு டிவிக்காரர்கள் ஏழைகளே இல்லையே!" என்று எழுந்தார் ராமானுஜம். "நாங்கள் சொன்னதைவிட வறுமை இன்னும் குறைவு!"

பிறகு இரண்டு பேரும் இங்கிலீஷுக்குத் தாவிவிட்டார்கள். சபை இரண்டாகப் பிரிந்தது. தாவூத் கையில் மைக்கோடு நடுவில் நின்றார். அவர் ஏழையா இல்லையா என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து மரியாதையாக மைக்கை வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

ஐந்து மாதக் கோபம், பெயர் இல்லாத ஒரு குடும்பத்தின் மேல் விழுந்து வீணாகப் போயிருந்தது.

ஆனால் சாப்பாட்டுக்கென்று சரியான நேரத்தில் ஒருவர் வந்திருந்தார்: பட்டியலில் பெயரைச் சேர்க்கவும் அடிக்கவும் அதிகாரம் உள்ள ஒன்றியத்து பி.டி.ஓ. வரிசையில் தட்டோடு நின்றார். தாவூதுக்குள் செத்துப் போன டிவி சட்டென்று உயிர் பிடித்தது. அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். நாலு அடி வைப்பதற்குள் அப்பாசாமி குறுக்கே வந்து நின்றார்.

"பாய். பாய். ஒரு நிமிசம். உனக்கு இன்னா வோணும்?"

"வூடு."

"நான் வார்டு மெம்பர். 'தாவூத் வூட்ல இருந்ததெல்லாம் ரிப்பேருக்கு வந்த சாமான்'னு நானே சர்ட்டிபிகேட் தர்றேன். யார் சாமான்னு எழுத வோணாம், பொதுவா எழுதறேன். குடியரசு தினத்தன்னிக்கு கிராம சபையில நானே படிக்கிறேன். உன் பேரு ஏறிடும்."

"இத்த அப்பவே தந்திருக்கலாமே, கய்தே?"

"அப்ப நீ கேக்கலியே! டிவிக்குத்தானே கையெழுத்துக் கேட்ட?"

தாவூத் அவரைத் தாண்டி பி.டி.ஓ.வைப் பார்த்தார். அப்பாசாமி குரலைத் தாழ்த்தினார்.

"போ, போய் குட்த்துடு. என்னப் பொய்யன்னு ஆக்கிட்டா அந்தப் பொய்யன் சர்ட்டிபிகேட்டு செல்லுமா? யோசிச்சிப் பாரு. உனக்கு வூடு வோணுமா, என் தல வோணுமா? ரெண்டுல ஒண்ணு. கிராம சபை முடிஞ்சதும் என் அட்டைய எங்கிட்ட குட்த்துடணும்."

தாவூதுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. ஆனால் நவம்பரில் அடுப்புமேல் ஏந்திய அந்தக் கை ஞாபகம் வந்தது. "சரி" என்றார். சொன்ன மாத்திரத்தில் வாயெல்லாம் கசந்தது. ஓட்டல் பிரியாணியிலும் அந்தக் கசப்பு இருந்தது. இருந்தாலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பதருன்னிசாவிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"தீர்மானம்னு ஒண்ணு போட்டுட்டா, அப்பறம் அத்த மாத்துவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது எப்டி? சபை தீர்மானம் ஆச்சே. மினிட் புக்குல ஏறி கையெழுத்து வுழுந்தா அடுத்த சபை வரைக்கும் அசைக்க முடியாது."

"ம்" என்றாள்.

ஜனவரி இருபத்தாறு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபை கூடியது. ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மினிட் புத்தகத்தை எழுத வெங்கடராகவன் சாரையே உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்.

அப்பாசாமி எழுந்து சர்ட்டிபிகேட்டைப் படித்தார். கடலில் பக்கத்துப் படகைக் கூப்பிடுகிற குரல், மைக் தேவைப்படவில்லை.

"ஷேக் தாவூத் என்பவர் பரம ஏழை! அவர் வீட்டில் சொந்தமாக ஒரு டிவிகூடக் கிடையாது! ஒரு ஃபேன்கூடக் கிடையாது!" எழுதியதோடு நிற்காமல் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். "கட்டில் கெடயாது! நாற்காலி கெடயாது! இன்னிக்கி போட்டுக்கினு வந்த சட்டையத் தவிர நல்ல சட்ட கெடயாது! பெத்த பொண்ணு குடைக்கடியில படிக்குது!"

ஒவ்வொரு 'கிடையாது'வுக்கும் தாவூத் ஒரு அங்குலம் குள்ளமானார். சேட்டு என்று கூப்பிட்டபோதுகூட இவ்வளவு கூசவில்லை. மலீஹாவின் சிநேகிதிகள் திரும்பிப் பார்த்தார்கள். தன் ஏழ்மையைத் தன் எதிரியின் வாயால் ஊர் முன்னால் கேட்டு, அது உண்மைதான் என்று தலையாட்டி, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும். தொகுப்பு வீட்டுக்கு அதுதான் வாசற்படி.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

கிடங்குத் தெரு மொத்தமும் கை தூக்கியது. டிவி கொண்டுவந்த கைகள், ஃபேன் கொண்டுவந்த கைகள், ஃப்ரிட்ஜைத் தூக்கிய நாலு ஜோடிக் கைகள். கண்ணகி இரண்டு கையையும் தூக்கினாள். வாத்தியார் எழுதினார், அதிகாரி கையெழுத்துப் போட்டார், பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை வைத்தார். தாவூத் ஏழையாகிவிட்டார். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

அப்பாசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"வூடு கட்டும்போது சொல்லு பாய். ரெண்டு லோடு ஆத்து மணல் நான் அடிச்சித் தர்றேன். டப்பு வோணாம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

தாவூத் ரொம்பக் கோபக்காரர் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தார். ஆறு மாதமாக வளர்த்த பகை இரண்டு லோடு மணலில் கரைவதை அவரே ஆச்சரியத்தோடு பார்த்தார். பாவம், இவனும் பிள்ளைக்குத்தானே செய்தான் என்று தோன்றியது. வாக்குப்படி அப்பாசாமியின் அட்டையை எடுத்துக் கொடுக்கப் பையில் கை விட்டார்.

பத்து அட்டைகள் இருந்தன. ஒன்று இல்லை.

"வேற ஆட்சேபணை யாருக்காவது உண்டா?" என்று வழக்கத்துக்காகக் கேட்டுவிட்டு அதிகாரி எழுந்திருக்கப் போனார்.

"இருக்குது சார்."

பெண்கள் பக்கத்தில் பதருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். கையில் சிகரெட் அட்டை. தாவூதின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"எங்க வூட்டுத் தீர்மானம் முடிஞ்சிடுச்சா சார்? கையெழுத்து ஆயிடுச்சா?"

"ஆச்சும்மா."

"மாத்த முடியாதே?"

"முடியாது."

"அப்ப சரி. இப்ப ஒர்த்தர் எங்க வூட்ல இன்னா இன்னா கெடயாதுன்னு படிச்சாரு. அவுரு வூட்ல இன்னா கீதுன்னு நான் படிக்கிறேன். அப்பாசாமி, இருபத்தோரு இஞ்ச் கலர். பழுது ஒண்ணுமில்ல. கணக்குக்கு மொத நாள் வந்திச்சு, ரெண்டு நாள் கழிச்சிப் போச்சு. பின்னாடி தேதியோட அவுரு கையெழுத்து. சர்ட்டிபிகேட்ல போட்ட அதே கையெழுத்து சார், பக்கத்துல வெச்சிப் பாருங்க."

அட்டை கை மாறிக் கை மாறி மேசைக்குப் போனது. வெங்கடராகவன் சார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில், ஊர் ஊராகப் பொய் கேட்டவனுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு நிம்மதி வந்தது.

"ஒண்ணேதான் சார்" என்றார்.

அப்பாசாமி துள்ளி எழுந்தார். "பாய்! வாக்குக் குட்த்தியேடா!"

"நான் குட்த்தேன் அண்ணாத்த" என்றார் தாவூத் பரிதாபமாக. "அவ குடுக்கலியே."

"அந்த சர்ட்டிபிகேட்டு என்னாலதான் செல்லுது! நான் பொய்யன்னா அதுவும் பொய்தான் சார்! ரத்து பண்ணுங்க!"

"பண்ண முடியாதே" என்றார் அதிகாரி. "அது இப்ப உங்க சர்ட்டிபிகேட் இல்ல, சபைத் தீர்மானம். ஊரே கை தூக்கியிருக்கு, நீங்களும் சேர்த்து."

அப்பாசாமி தெரு ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாங்கடா பாத்துக்கினு கீறீங்க? சொல்லுங்கடா, அவுங்கவுங்க டிவியும் அங்கதானே இருந்திச்சு!" என்று கத்த வாயெடுத்தவர், பாதியில் விழுங்கினார். தெரு அவரைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதிப் பத்து அட்டை பற்றி பதருன்னிசா மூச்சு விடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கண்ணகி அவள் பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள்.

அப்பாசாமி பெயரை அடித்தார்கள். வாத்தியார் பட்டியலின் அடியில் வந்து நின்றார்.

"சார், கிடங்குத் தெருவுக்கு மொத்தம் என்னன்னு போடறது?"

"முன்னாடி எவ்வளவு?"

"அறுபத்து மூணு. இப்ப ஒண்ணு ஏறிடுத்து, ஒண்ணு இறங்கிடுத்து."

"அப்ப அறுபத்து மூணுதானே? மாற்றம் இல்லைன்னு எழுதுங்க சார்."

எழுதினார். அந்த எண் ஒன்றியத்துக்குப் போய், மாவட்டத்துக்குப் போய், எங்கோ ராமானுஜமும் தேவசகாயமும் சண்டை போடுகிற தாளில் ஒரு புள்ளியாக உட்காரும். இரண்டு பேரில் யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வெயில் ஏறியிருந்தது. முன்னால் பதருன்னிசா மலீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தாவூத் பின்னால் ஓடினார்.

"எப்ப எடுத்த?"

"காலையில சட்டை மாட்டி வுட்டப்போ."

"ரெண்டு லோடு மணல் தர்றேன்னான்டி. ஆத்து மணல். சும்மாத் தர்றேன்னான்."

அவள் நிற்கவில்லை.

"அவன் மணல்ல கட்டுன வூட்ல எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.